போஸ்டரில் ஏறிய என் கதை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கச்சான் காற்று. காலை ஏழு மணிக்கே மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிறது. கெம்பஸ் பஸ்ஸில் இடமில்லை. சாய்ந்தமருதிலிருந்து நின்றபடியே.

அடுத்த கிழமை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாநாடு. நான் வைத்த பெயர் ஆராய்ச்சிப் பெருநாள். எல்லாருக்கும் புதுச்சட்டை, ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பு, கடைசியில் பாத்திரம் கழுவுவது நான். தேத்தண்ணி அறைக்கு நானும் காதர் காக்காவும்தான். ஊற்றுவது நான், தூக்குவது அவர்.

இன்று பார்த்து வைத்தவை: காது உடைந்த கோப்பை பதினொன்று. பெரிய கேத்தலின் மூக்கு ஒழுகுகிறது. கரண்டி பாதியைக் காணவில்லை. விஞ்ஞானப் பக்கம் தேடச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு எந்நேரமும் எதையாவது கலக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் என் பால் பக்கற்றுக்குப் பக்கத்தில் நுளம்புக் குஞ்சுப் போத்தல், கொசு ஆராய்ச்சிக்காரர்களுடையது. மேலே ஆங்கிலத்தில் என்னவோ எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நானும் ஒரு துண்டில் பால் என்று எழுதி ஒட்டிவிட்டேன். நுளம்புக்கு வாசிக்கத் தெரிந்தால் சரி.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பற்றி ஆராயும் சேர் வந்தார். மூன்று கரண்டி போட்டுக் கலக்கினார்.

"சேர், இது ஆராய்ச்சிக்கா, குடிக்கவா?"

"ராத்தா, நீங்க வாயப் பொத்தினா நான் இன்னம் பத்து வருசம் கூட இரிப்பன்."

கடற்கரை மண் குறைவதை அளக்கும் சேர் பக்கத்தில் நின்று சிரித்தார். அவரையும் விடவில்லை. "கடல் எங்கட வீட்டுக்குள்ள வந்த அண்டைக்கு அளக்க ஒருத்தரையும் காணல்லயே சேர்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பாவம், நான் பகிடிக்குத்தான் சொன்னேன். முழுக்கப் பகிடியும் இல்லை.

பிறகு நுஸ்ரத் மிஸ். கண்டிப் பக்கத்துப் பிள்ளை, இங்கே வந்து இரண்டு வருசம். மனிசரைப் பற்றி ஆராய்வது அவருடைய வேலை. என்னைக் கண்டால் கட்டிப்பிடிக்காமல் போனதில்லை.

"ராத்தா, உங்கட கதை என்ட ஆய்வுல வருது. போஸ்டர் போடுறேன்."

"என்ட போட்டோவுமா? அப்ப நல்ல அபாயா ஒண்டு வாங்கணும்."

"போட்டோவும் இல்ல, பேரும் இல்ல. பயப்படாதீங்க."

அந்தக் கதையை மிஸ்ஸிடம் சொன்னது மாரி காலத்தில். மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் வீட்டை எழுதிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் எங்களுக்குப் புதினம் இல்லை. மிஸ்ஸுக்குப் பெரிய புதினம். கொடுத்த பிறகு அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். நாற்பத்தொன்பது வயது வரைக்கும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. வெளியே மழை, கரண்டும் இல்லை. மிஸ் கேக் கொண்டுவந்திருந்தார். பதிவு செய்யப் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தார். கொஞ்சம் அளவுக்கு மிஞ்சித்தான் கதைத்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று இந்தக் கொப்பியில்கூட எழுதியதில்லை. கடைசியில் ஒரு கடதாசி நீட்டினார். "கலியாணப் பதிவா மிஸ், மாப்பிள்ளை ஆரு?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே ஒப்பம் போட்டேன்.

மறக்கக் கூடாதவை: 18ஆம் திகதி நொத்தாரிசிடம் வீட்டை எழுதிக் கொடுக்கும் உறுதி, மகள் சஹானா பெயருக்கு. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். குளியலறைக் கதவுக்குக் கொண்டி.

ஆகஸ்ட் 7, வியாழன்

சஹானா மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் வந்தாள். என் ஒரே பிள்ளை. கல்முனையில் ஒரு கொமினிகேசனில் கொம்பியூட்டர் வேலை. கடையில் பெரிய தாளில் அச்சடிக்கிற வேலை குவிந்து கிடக்கிறதாம். முகம் சரியில்லை. கண் சிவந்திருந்தது. கொம்பியூட்டர் பார்த்த கண் என்றாள்.

தேத்தண்ணி போட்டேன். இஞ்சி தட்டி, அவளுக்குப் பிடித்த மாதிரி.

"எனக்கு வேணாம் உம்மா."

"என்னகா, மாப்பிள்ளையோட சண்டையா? இப்பவே தொடங்கிட்டா மறுகா என்னத்தச் செய்வீங்க?"

"வேணாம் எண்டன்."

சண்டை இல்லையாம். தலையிடி இல்லையாம். காய்ச்சலா என்று நெற்றியைத் தொடப் போனேன். தலையைப் பின்னால் எடுத்தாள். கோப்பை ஆறியது. ஆடை கட்டியது. நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மாவும் பெரியம்மாவும் வந்தார்கள். வேனில் ஒரு மூடை சிவப்பரிசியும். வயலில் வெட்டுத் தொடங்கிவிட்டதாம். அரிசி ஆலையில் மாப்பிள்ளைக்கு இரவு பகல் தெரியாதாம்.

வீடு முழுக்க நடந்து பார்த்தார்கள். நல்ல சனம்தான். ஆனாலும் மற்றவர் என் சுவரைத் தட்டிப் பார்ப்பதை நின்று பார்ப்பது ஒரு மாதிரி. சுனாமிக் கடல் வீட்டை எடுத்துப்போன பிறகு என் புருசரும் நானும் கல்லுக்கல்லாகக் கட்டிய சுவர். கட்டி முடித்து நாலு வருசத்தில் அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போனார். பெரியம்மா சுவரைத் தட்டிவிட்டு, "நல்ல கட்டு" என்றார். கோழி வாங்க வந்தவர் மாதிரி.

மாப்பிள்ளையின் உம்மா கேட்டார்: "மதினி, நீங்க மறுகா எந்தப் பக்கம் இரிப்பீங்க?"

"என்னை அலுமாரிக்கு மேல வைங்க மதினி. ரெண்டு நேரம் சோறு எறிஞ்சா போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். சஹானா சிரிக்கவில்லை. "உம்மா அவட அறையிலதான் இரிப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு, "நல்லாக் கதைச்சாய் மனே" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

பின்னேரம் கொண்டி மாட்டினேன். நானே. ஆணி ஒன்று கோணல்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சஹானா மூன்று நாளாக என் கையால் தேத்தண்ணி குடிக்கவில்லை. கடையில் குடித்தாளாம். வயிறு சரியில்லையாம். ஒரு தரம் தண்ணீர் போதும் என்றாள்.

கலியாணப் பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் இருந்தது. நான் அந்த நேரம் மூன்று கிழமை கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டேன்.

மீன்: சூரை. முருங்கையிலை சுண்டியது. அவளுக்கு இரண்டு துண்டு, ஒன்றைத் திருப்பி என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். கோபமாக இருப்பவள் மீன் வைப்பாளா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆராய்ச்சிப் பெருநாள். முதல் நாள்.

எழுதக் கை வரவில்லை. முதலில் சில்லறை விசயத்தை எழுதுகிறேன்.

விடியப் போய்விட்டேன். ஐந்து கேத்தல். பால் மூன்று தரம் கொதித்தது. ரோல்ஸ் எண்பது, அதில் ஏழு காதர் காக்கா வயிற்றில். கொழும்பிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் சீனி இல்லாமல் கேட்டார். சீனி வருத்தச் சேரைக் காட்டி, "அவருக்குக் குடுத்தது உங்கட பங்குதான்" என்றேன். சிரித்தார்.

நீட்டு மண்டபத்தின் இரண்டு பக்கமும் போஸ்டர். தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உமிச் சாம்பலில் செங்கல் செய்வது. கரைவலையில் அகப்படும் பிளாஸ்டிக். நுளம்பு எந்தத் தொட்டியில் கூடுதலாக முட்டையிடுகிறது. சீனி வருத்தச் சேருடையது, கை கால் படமெல்லாம் போட்டு. கடல் சேருடையது, கரை எங்கே இருந்தது, இப்போது எங்கே என்று கோடு கோடாக. என் வீட்டுப் பக்கத்துக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம். படத்தைப் பார்த்து விளங்கியதுதான்.

தமிழில் இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்றுக்கு முன்னால் பொம்பிளைப் பிள்ளைகள் கூட்டம். ஒருத்தி உரத்து வாசித்தாள், மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"அல்லாஹ், இந்த உம்மா சரியான பகிடி."

"பகிடியா? அந்த மகள நினைச்சுப் பாரு கா. பாவம்."

மேலே கொட்டை எழுத்தில்: சீதன வீடும் தாயின் மௌனமும். கீழே நுஸ்ரத் மிஸ்ஸின் பெயர். நடுவில் நீலப் பெட்டிக்குள் ஒரு கதை. அச்செழுத்தை மெதுவாகத்தான் வாசிப்பேன், நேரம் எடுக்கும். ஆனால் இதை வாசிக்க நேரம் எடுக்கவில்லை. வாய்க்கு முதலே தெரிந்த கதை.

"வீட்டக் குடுத்தா நான் என்ட வீட்டுலயே விருந்தாளிதானே. மகளுக்கு முதல் வந்த கலியாணப் பேச்சு முறிஞ்ச அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால அழுதன். மறுகா குசினிக்குள்ள போய், தேத்தண்ணி ஊத்தி, ஆறுதலா ருசிச்சுக் குடிச்சன். அல்ஹம்துலில்லாஹ், வீடு இன்னம் கொஞ்ச நாளைக்கு என்ட எண்டு."

அதன் கீழே: ற., வயது 49, தேநீர் தயாரிப்பவர், கணவரை இழந்தவர், ஒரே மகள்.

பெயர் இல்லைதான். என் பெயர் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. இந்தக் கெம்பஸில் தேத்தண்ணி போடும் பொம்பிளை எத்தனை பேர்? நான் ஒருத்தி.

வாசித்த பிள்ளை திரும்பி, "ராத்தா, பிளேன்ரீ இரிக்கா?" என்றாள். இருக்கிறது என்று ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அவள் கோப்பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், போஸ்டரைப் பார்த்தாள். பிறகு நன்றி சொல்லாமல் போனாள்.

அட்டாளைச்சேனைப் பேச்சு முறிந்தது இரண்டு வருசத்துக்கு முந்தி. அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். சஹானா அன்று சாப்பிடவில்லை. நானும் அழுதேன், பொய்யழுகை இல்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி குடித்ததும் பொய் இல்லை. இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆளுக்குள் நடந்தது. அதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டு.

காதர் காக்கா வெறும் கேத்தலைத் தூக்க வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் கேத்தலோடு கதைத்தார். அவரும் வாசித்திருக்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

நுஸ்ரத் மிஸ்ஸுக்குப் பரிசு. போஸ்டரில் முதலாவது. மேடைக்குக் கீழே தட்டோடு நின்று பார்த்தேன். மிஸ் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடிக்கக் கை நீட்டினார். தட்டை நடுவில் வைத்துக்கொண்டேன்.

"மிஸ், அதக் கழட்டுங்க."

"எத ராத்தா?"

"என்ட கதைய. நான் ஒருத்திக்குச் சொன்ன. ஊருக்குச் சொல்லல்ல."

முகம் மாறிவிட்டது. தேத்தண்ணி அறைக்குக் கூட்டிப் போனார். கதவைச் சாத்தினார். ஒப்பம் போட்ட கடதாசியைப் பற்றிச் சொன்னார். அதில் எல்லாம் எழுதியிருக்கிறதாம், எந்த இடத்தில் போடலாம், எப்படிப் போடலாம் என்று.

"நான் வாசிச்சுக் காட்டினேனே ராத்தா. நீங்கதான் மாப்பிள்ளை ஆருன்னு கேட்டுச் சிரிச்சீங்க."

அது உண்மை. வாசித்தார். எனக்குக் கேட்கவில்லை, நான் பகிடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இது உங்களப் போல பொம்பிளைகளுக்காகத்தான். வீட்டக் குடுத்திட்டுத் தாய்மார் எப்படி இருக்காங்கன்னு ஒருத்தரும் எழுதல்ல. நீங்க சொன்னது உண்மைதானே?"

உண்மை. அதுதான் பிரச்சினை. பொய் எழுதியிருந்தால் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை பிடித்திருப்பேன். சஹானா பிறந்த நாள் தொட்டு இருபத்தாறு வருசமாக உள்ளே போட்டுப் பூட்டிய உண்மையை எடுத்து, நீலப் பெட்டிக்குள் வைத்து, பரிசு வாங்கிவிட்டார். கேக் நல்ல கேக்.

"என்ட மகள் காணுறத்துக்கு முந்தி கழட்டுங்க மிஸ். அவள் இஞ்ச வரமாட்டாள். ஆனா ஆரும் போனில படம் எடுத்து அனுப்பினா? கல்முனையில கொமினிகேசன்ல நிக்கிறவள், எல்லாரும் அவளுக்குத் தெரிஞ்ச சனம்."

மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கொமினிகேசன்?"

சொன்னேன்.

"சஹானாவா? சஹானா உங்கட மகளா?"

கதிரையில் இருந்துவிட்டார். பரிசுக் கடதாசி கையில் மடங்கியது. பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. அந்தப் போஸ்டரைத் தட்டி எழுதியது சஹானாதானாம். போன வியாழன். மிஸ் பக்கத்துக் கதிரையில் இருந்தாராம். மிஸ் எழுதிக் கொடுத்ததில் என் கதை புத்தகத் தமிழில் இருந்ததாம், "தேநீர் தயாரித்து ஆறுதலாகச் சுவைத்து அருந்தினேன்" என்று. சஹானா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாளாம். பிறகு சொன்னாளாம்: "இப்பிடி இல்ல மிஸ். இந்தப் பக்கத்து உம்மாமார் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சன் எண்டுதான் சொல்லுவாங்க." தானே மாற்றித் தட்டினாளாம், முழுவதையும். மிஸ் பதிவைப் போட்டுக் கேட்டுப் பார்த்தாராம். சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்ததாம்.

"எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைன்னு நான் எல்லாருக்கிட்டயும் சொன்னேன் ராத்தா."

மிஸ் அழுதார். நான் அழவில்லை. அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பழக்கம்.

போஸ்டரைக் கழற்றினார்கள். ஆனால் மாநாட்டுப் புத்தகத்தில் இருக்கிறதாம், இன்டர்நெட்டிலும் ஏறிவிட்டதாம். அதை இனி எடுக்க ஒரு கமிட்டி கூட வேண்டுமாம்.

கமிட்டி கூடும்போது தேத்தண்ணி யார் போடுவது?

ஆகஸ்ட் 14, வியாழன்

கெம்பஸ் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. மிஸ் நாலு தரம் கோல். எடுக்கவில்லை.

சஹானா வேலைக்கு இறங்க முன் பிடித்தேன். சொல்ல எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வழமை போல் பகிடி.

"என்ட கதைய என்னட்டக் கேக்காமலே அச்சடிச்சிட்டாயாம். ஆளுக்கு ஒரு கொப்பியாவது தர வேணாமா?"

"பகிடி வேணாம் உம்மா."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கத்தியிருந்தால் நல்லம். அவள் வாப்பாவின் பிள்ளை, கத்த மாட்டாள்.

"அண்டைக்கு நீங்க அழுதீங்க. எனக்கு வந்த அழுகைய நிப்பாட்டிட்டு நான் உங்களத் தேத்தினன். ராவு முழுக்க உங்கட தலைய என்ட மடியில வைச்சுத் தேத்தினன். ஞாபகம் இரிக்கா?"

"இரிக்கி."

"அதுக்கு முந்தியா, பிந்தியா?"

"என்ன?"

"தேத்தண்ணி."

பதில் சொல்ல வேண்டியிருந்தது. முந்தி என்றேன். முந்தி குடித்துவிட்டுத்தான் வந்து அவள் மடியில் படுத்தேன்.

தலையை ஆட்டினாள். கணக்குச் சரி என்கிற மாதிரி.

"அந்த மிஸ் என்னை ஏமாத்திட்டா மனே. பேர் வராது எண்டா. நான் கேட்டது..."

"மிஸ் ஒண்டும் பொய் எழுதல்லயே. ஆரோ ஒரு கண்டி மிஸ்ஸுக்குச் சொன்னீங்க. என்னட்ட ஒரு நாள் சொல்லியிருக்கலாம். வீட்டக் குடுக்க மனமில்ல எண்டு சொல்லியிருந்தா, வேணாம் உம்மா, வாடகைக்குப் போறம் எண்டு சொல்லியிருப்பன். எல்லாரும் சிரிச்சாலும் சொல்லியிருப்பன்."

"மனமில்லாம இல்ல..."

"அப்ப என்ன?"

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடுகிறேன். வீடு அவளுக்குத்தான். வேறு யாருக்கு? அவள் பிறந்த அன்றே அவள் வாப்பா சொன்னது, வீட்டுக்குச் சொந்தக்காரி வந்துவிட்டாள் என்று. கொடுக்கவும் வேண்டும், கொடுத்த பிறகும் அது என்னுடையதாக இருக்கவும் வேண்டும். இதை எப்படிச் சொல்வது? மிஸ்ஸிடம் மழையில் சொல்ல வந்தது. என் பிள்ளையிடம் வெயிலில் வரவில்லை.

பஸ் வந்துவிட்டது. போனாள்.

இரண்டு பேர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று காலையில் நினைத்தேன். ஒன்று மிஸ், மற்றது என் வாய். பின்னேரம் யோசித்தால், சஹானாவின் பக்கம் இருந்து பார்த்தால், காட்டிக்கொடுத்தது ஒரே ஆள்தான், நான்.

ஆகஸ்ட் 16, சனி

காற்றுக் குறைவு. உடுப்புத் தோய்த்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா கோல் எடுத்தார், திங்கட்கிழமை பத்து மணிக்கு நொத்தாரிசு வாசலில் நிற்பார்களாம். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போல.

சஹானா கதைக்கிறாள். உப்புக் கூட, திறப்பு எங்கே, தண்ணி வந்ததா. வேலைக்காரியோடு கதைப்பது போலவும் இல்லை. மரியாதையாகக் கதைக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் மரியாதையாகக் கதைத்தவர்கள் இல்லை.

பகல் அரை நாள் கடையில் லீவு கேட்டுக் கல்முனைக்குள் எங்கேயோ போய் வந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்கும் ஆள் நான் இல்லை இப்போது.

ஆகஸ்ட் 18, திங்கள்

உறுதி முடிந்தது. அசர் தொழுதுவிட்டு எழுதுகிறேன்.

நொத்தாரிசின் ஒபிஸில் காற்றாடி மட்டும் சுற்றியது, காற்றில்லை. மாப்பிள்ளையின் உம்மா, பெரியம்மா, மாப்பிள்ளை. ஆலையிலிருந்து நேரே வந்திருக்கிறார், புருவத்தில் உமித் தூசு. நல்ல பிள்ளை, என்னைக் கண்டதும் எழும்பினார்.

நொத்தாரிசு வயதான மனிசர், உரத்து வாசித்தார். காணி எல்லை, கிழக்கே இன்னார், மேற்கே இன்னார். தாய் மகளுக்கு அன்பின் நிமித்தம் நன்கொடையாக. அன்பின் நிமித்தம் என்ற இடத்தில் சஹானா கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத ஒரு பந்தி வந்தது. தாய் உயிரோடு இருக்கும் காலம் வரை மேற்குப் பக்க அறையும் குசினியும் அவருக்கே உரியவை, அவருடைய சம்மதம் இன்றி வேறு எவரும் அவற்றில் உரிமை கோரவோ நுழையவோ கூடாது. சீவிய உரித்து என்றார்.

"இத ஆரு சேர் போடச் சொன்ன?"

"மகள்தான். சனிக்கிழமை வந்து சொல்லித்துப் போன. உங்களுக்குத் தெரியாதா?"

பெரியம்மாவுக்கு முகம் கறுத்தது. "எங்கட பக்கம் தாய்க்கும் மகளுக்கும் நடுவில இப்பிடி எழுதுறல்லயே. அப்ப எங்களுக்குக் குசினி இல்லயா?"

"பின்னால ஒரு குசினி கட்டுவம் பெரியம்மா" என்றாள் சஹானா. "உம்மா அவட வீட்டுல விருந்தாளியா இரிக்கக் கூடாது."

விருந்தாளி. போஸ்டரில் இருந்த சொல். அவளே தட்டிய சொல். நொத்தாரிசுக்குத் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. அந்த அறையில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வேண்டாம், அந்தப் பந்தியை வெட்டுங்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் எல்லாருக்கும் முன்னால் அவளைப் பொய்யாக்குவது. சொல்லாவிட்டால், என் பிள்ளையிடம் இருப்பதற்கு எனக்குக் கடதாசி வேண்டும் என்று நானே ஒத்துக்கொள்வது. மாப்பிள்ளை மெதுவாக, "நல்லதுதானே மாமி" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. உண்மையாகத்தான் சொன்னார்.

ஒப்பம் போட்டேன். சாட்சிகள் போட்டார்கள். சஹானா கடைசியாகப் போட்டாள், வடிவான எழுத்து.

வரும் வழியில் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தாள். "இப்ப சரியா உம்மா?" என்றாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சரி என்றேன். சரிதான். மிஸ்ஸிடம் சொல்லி நான் ஏங்கியதெல்லாம் கிடைத்துவிட்டது. அறை என்னுடையது. குசினி என்னுடையது. சட்டப்படி.

இப்போது அந்த மேற்கு அறையில்தான் இருக்கிறேன். கொஞ்சம் முன்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முக்காட்டை இழுத்துக்கொண்டு, யார் என்றேன்.

"நான்தான் உம்மா. உள்ளுக்கு வரலாமா?"

பிறந்ததிலிருந்து என் கதவைத் தட்டாதவள்.